எந்தப் படம் எனக்கு ஆசான்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற ஆண்டு முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, "படித்து முடித்து என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டார். ஆசிரியர் பணி, வங்கித் தேர்வு, காவல்துறை, மேற்படிப்பு என்று பதில்கள் வந்தன. என் முறை வந்தபோது, "திரைப்படம் இயக்க வேண்டும் ஐயா" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "எந்தப் படம் பார்த்து இந்த ஆசை வந்தது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். நான் விழித்தேன். நாலைந்து நடிகர்களின் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்தன. ஒரு படத்தின் பெயர்கூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு ஓராண்டு தாமதமாக இந்த மலரில் பதில் எழுதுகிறேன். நண்பர்கள் மறுபடியும் சிரித்தாலும் குற்றமில்லை.

என் தந்தையார் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். தாயார் எங்கள் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில் பெருக்கித் துடைக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். கல்யாணம், சாமி கும்பிடுதல் என்றால் வருவார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இரு வகையினர். ஒன்று, படம் பிடித்துக்கொண்டு போகும் சுற்றுலாப் பயணிகள். மற்றொன்று, படம் எடுக்கவே வரும் சினிமாக்காரர்கள்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில் அப்படி ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பெரிய குடும்பத்துக் கதை போலும். முகப்பிலும் வளவிலும் விளக்குகளை நிறுத்தினார்கள். தரை பளபளவென்று தெரிய வேண்டும் என்று என் தாயாரை ஒரு காலைப் பொழுதில் ஐந்தாறு முறை துடைக்கச் சொன்னார்கள். துடைத்துவிட்டுத் தூணோரம் நின்றவரைப் பார்த்து ஓர் இளைஞர், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிரேம்ல வர்றீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா தள்ளி நின்றார். "இன்னும் கொஞ்சம்" என்றார். அம்மா இரண்டாம் கட்டுக்கே போய்விட்டார்.

அந்தப் படம் காரைக்குடிக் கொட்டகைக்கு வந்தபோது நாங்கள் நால்வரும் பஸ் ஏறி வந்து பார்த்தோம். வளவு திரையில் வந்த அரை நிமிடத்தில் அம்மா என் கையைப் பிடித்து, "டேய் தம்பி, நான் தொடச்ச தரைடா!" என்றார். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இடையில் பெயர்ந்துபோன சில கற்களுக்கு மாற்றுக்கல் செய்தவர் என் தந்தையார். அவரும் தம் கல்லைத் தேடித் திரையைக் கூர்ந்து பார்த்தார். இருவருக்கும் கோபம் என்பதே இல்லை. எனக்குத்தான் வந்தது. எதன்மேல் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. தூண் இருக்கிறது, தரை இருக்கிறது, தொங்கும் விளக்கு இருக்கிறது. அவற்றைத் துடைப்பவர் மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று இப்போது கேட்கத் தெரிகிறது.

ஆகவே என் பதிலின் முதல் பாதி இது: எனக்கு முதல் ஆசான் நான் சண்டை பிடித்த ஒரு படம். கைதட்டிய படங்கள் எனக்கு நல்ல பொழுதைத் தந்தன, மறுக்கவில்லை. ஆனால் "இதை இப்படி எடுத்திருக்கலாமே" என்று மனத்துக்குள் முனகவைத்த படம்தான் என்னைக் காமிராவின் பின்பக்கம் போய் நிற்கவைத்தது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு முன்னால் இதே காரைக்குடியில், அழகப்பா கல்லூரியில் பொருளாதாரம் படித்த ஒரு மாணவர் மேடையேறி இந்தச் சண்டையைப் பகிரங்கமாகவே போட்டிருக்கிறார் என்பது. ஆண்டு 1958. அவருக்கு வயது பத்தொன்பது. நம் மாவட்டத்து இளையான்குடிக்காரர். பெயர் அலெக்சாண்டர். பின்னாளில் இயக்குநர் மகேந்திரன்.

கல்லூரிக்கு அன்று விருந்தினராக வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். நினைத்துப் பாருங்கள் நண்பர்களே: 'நாடோடி மன்னன்' வெளிவந்த ஆண்டு அது. எதிரே இருக்கும் மாணவர் கூட்டத்தில் முக்கால்வாசி அவருடைய ரசிகர்கள். அந்த மேடையில், அவரை வைத்துக்கொண்டே, தமிழ்ப் படங்களில் உண்மை இல்லை என்று பேசினார் மகேந்திரன். கல்லூரியில் ஒருவன் ஒரு பெண்ணிடம் பேசினாலே ஊர் கூடிவிடுகிறது; திரையிலோ நாயகனும் நாயகியும் உரக்கப் பாட்டுப் பாடி ஆடி ஓடிக் காதலிக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிற பாணியில் அவர் கேலி செய்ததாகப் படித்திருக்கிறேன். எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்து ரசித்தார். நல்ல விமர்சகராக வரத் தகுதியுள்ளவர் என்று பாராட்டி எழுதியும் கொடுத்தார். பேசிய பிள்ளையின் துணிவு பெரிதா, கேட்டவரின் மனம் பெரிதா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

எந்தப் படம் மகேந்திரனை உருவாக்கியது என்று கேட்டால் பலரும் உலகப் படங்களின் பட்டியலை எடுப்பார்கள். நான் அந்த மேடையைத்தான் சொல்வேன். தனக்குப் பிடிக்காத படங்களை ஏன் பிடிக்கவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்ல முடிந்த அன்றே அவர் பாதி இயக்குநர் ஆகிவிட்டார். மீதிப் பாதிக்குத்தான் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த இருபது ஆண்டுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்லூரி முடித்துச் சட்டம் படிக்கச் சென்னை போனார். பணம் இல்லாமல் படிப்பு நின்றது. 'இன முழக்கம்' என்ற பத்திரிகையில் வேலை பார்த்தார். செய்தியாளராக மீண்டும் எம்.ஜி.ஆரைச் சந்தித்தபோது, பழைய கல்லூரிப் பேச்சை மறக்காத அவர், கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கொடுத்தார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. பிறகு 'நாம் மூவர்' (1966), 'நிறைகுடம்' (1969) என்று கதைகள் எழுதினார். 'துக்ளக்'கில் பணியாற்றினார். சிவாஜி கணேசனுக்காக எழுதிய 'தங்கப்பதக்கம்' முதலில் நாடகமாகவும், 1974இல் படமாகவும் வந்து பெரும் வெற்றி பெற்றது. திரையில் உரக்கப் பேசுகிறார்களே என்று மேடையில் கேலி செய்தவர், தமிழ்நாடே மனப்பாடம் செய்த வசனங்களை எழுதிப் பிழைக்க வேண்டியிருந்தது!

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த வசனங்களில் ஒரு தந்தையின் வலி இருக்கிறது. என் அப்பத்தா இன்றைக்கும் தொலைக்காட்சியில் அது வந்தால் எழுந்து போகமாட்டார். ஆனால் எழுதியவருக்கு அது போதவில்லை.

1978இல் 'முள்ளும் மலரும்' வந்தது. வசனகர்த்தாவை நம்பிப் படம் கொடுத்தால் வசனமே காணோமே என்று தயாரிப்புத் தரப்பு வருந்தியது என்பார்கள். காளி என்ற விஞ்ச் ஆபரேட்டர். அவனுக்கு ஒரு தங்கை வள்ளி. புதிதாக வரும் எஞ்சினியர். காளிக்கு எஞ்சினியரைப் பிடிக்கவில்லை. காரணம் பெரிய அநீதி எதுவுமில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். படம் முடியும்போது தங்கையைக் கொடுக்கிறான். அப்போதும் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டே கொடுக்கிறான். நமது வீட்டு மனிதர்கள் இப்படித்தானே! என் பெரியப்பாவும் தந்தையாரும் ஒரு வேலி விஷயத்தில் பேசாமல் இருந்தார்கள். அக்காளின் கல்யாணத்தில் பெரியப்பா வந்து பந்தலுக்குக் கால் நட்டார், பந்தியில் பரிமாறினார், பேசாமலே போனார். சினிமாவில் என்றால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். 'முள்ளும் மலரும்' பார்த்தபின்தான் பெரியப்பாவின் பேசாமையும் ஒரு காட்சி என்று எனக்கு உறைத்தது.

அடுத்த ஆண்டே 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த கதை. இதை நான் கைப்பேசியின் சின்னத் திரையில், கீறல் விழுந்த கண்ணாடியில், இரவு பத்து மணிக்குமேல் பார்த்தேன். சத்தம் போட்டுப் பேசுகிற வில்லன் அல்ல அதில் வருகிறவன். வெள்ளை வேட்டி கட்டிய ஊர்ப் பெரிய மனிதன். அவன் பெஞ்சாதிக்குச் செய்யும் கொடுமையில் பாதி, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்கவைக்கிறது. உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, அதுதான் நான் செய்த பெரிய தப்பு என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அவன் இறங்குகிறான். பிறகு ஆற்றங்கரையில் இரு குழந்தைகள் நடந்து போகிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அவர்கள்தாம் படம்.

என் பதிலின் மறுபாதி அங்கே கிடைத்தது. சண்டை போடவைத்த படம் ஒரு கதவைத் திறந்தது என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியது 'உதிரிப்பூக்கள்'.

செட்டிநாட்டைப் பற்றியே மகேந்திரன் ஒரு படம் எடுத்தார். சுவீகாரம் போகும் ஒரு மகனின் கதையான 'சாசனம்', 2006இல் வெளிவந்தது. நம் வீடுகளும் நம் வழக்கமும் அதில் இருக்கின்றன. ஆனாலும் எனக்கு 'உதிரிப்பூக்க'ளில் தெரிந்த உயிர் அதில் தெரியவில்லை. அந்தத் தூண்களுக்கு அவ்வளவு பெரிய கலைஞரின் கண்ணைக்கூடத் தம்பக்கம் இழுக்கும் வல்லமை உண்டோ என்னவோ. ஆசானையும் குறை சொல்லலாம் என்பதை 1958ஆம் ஆண்டு மாணவரிடமிருந்துதானே கற்றோம்.

'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பாலு மகேந்திராவின் கதை வேறு மாதிரி. மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்தவர். சிறுவனாகப் பள்ளிச் சுற்றுலா போனபோது, இலங்கையில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அந்த இயக்குநர் "மழை" என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். சொன்னவுடன் மழை பெய்விக்கும் மனிதனாக நானும் ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளை தீர்மானித்தது. அவரை உருவாக்கியது ஒரு படம்கூட இல்லை, ஒரு படப்பிடிப்பு! நானும் ஒரு படப்பிடிப்பைப் பார்த்தவன்தான். அவர் மழையைப் பார்த்தார். நான் துடைப்பத்தோடு ஒதுங்கிய அம்மாவைப் பார்த்தேன். அவரவர் நின்ற இடம் அப்படி.

கல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய், 1950இல் வேலை நிமித்தம் லண்டன் போன இடத்தில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். நான் எடுக்க நினைப்பதை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று உறுதி பிறந்தது. ஐந்தாண்டு கழித்து 'பதேர் பாஞ்சாலி' வந்தது. அதற்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா அதற்குமுன் ஒரு படமும் எடுத்திராத இளைஞர். இருபதைத் தாண்டி ஓரிரு வயது. ஏறக்குறைய நம் வயது!

அந்த இத்தாலியப் படத்தில் ஒரு சின்ன விஷயத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். வேலையில்லாத ஒரு தகப்பனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் அவசியம். வீட்டுத் துணிகளை அடகு வைத்து, ஏற்கெனவே அடகில் இருந்த சைக்கிளை மீட்கிறார்கள். வேலைக்குப் போன முதல் நாளே அது திருடு போகிறது. அப்போது அவன் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? ரீட்டா ஹேவொர்த் என்ற ஹாலிவுட் நடிகையின் சினிமாப் போஸ்டர்! நம் ஊரிலும் வெள்ளிக்கிழமைக்கு முன் பசை வாளியும் சைக்கிளுமாக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். போஸ்டரில் இருப்பவரின் பெயர் நமக்குத் தெரியும். ஒட்டுகிறவரின் பெயர்? காமிராவை ஒட்டுகிறவர் பக்கம் திருப்பினால் ஒரு படம் கிடைக்கும் என்று 1948இலேயே டி சிகா காட்டிவிட்டார்.

காரைக்குடிக்குச் சினிமா புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இவ்வூர்க்காரரான ஏவி. மெய்யப்பச் செட்டியார், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு ஸ்டுடியோ நடத்தி, 'நாம் இருவர்' படத்தை எடுத்து 1947 ஜனவரியில் வெளியிட்டார். நாடு விடுதலை அடையுமுன்பே பாரதியின் பாடல்கள் திரையில் முழங்கிய படம் அது. அடுத்த ஆண்டு ஸ்டுடியோ சென்னைக்குப் போயிற்று. எஸ்.பி. முத்துராமன் காரைக்குடியில் பிறந்தவர். ரஜினிகாந்தை வைத்து மட்டும் 25 படங்கள் இயக்கினார். கண்ணதாசனும் பஞ்சு அருணாசலமும் சிறுகூடல்பட்டிக்காரர்கள். இத்தனை பேர் போன பாதை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி அகலமானதா?

இதை என் தந்தையாரிடம் மகேந்திரனின் கதையைச் சொன்ன அன்று உணர்ந்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏந்தம்பி, அவருக்கு இருபது வருசமா ஆச்சு?" என்றார். ஆமாம் என்றேன். "அது வரைக்கும் சாப்பாட்டுக்கு?" என்றார். பத்திரிகை வேலை, வசனம் எழுதும் வேலை என்று அடுக்கினேன். "அதாவது, ஒரு வேலை இருந்திருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். என் பட்டத்தின்மேல் மூன்று பேருடைய கணக்கு நிற்கிறது. ராய் தம் மனைவியின் நகைகளை அடகு வைத்துப் படத்தைத் தொடர்ந்தார் என்று படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, எங்கள் வீட்டில் அடகு வைக்க என்ன இருக்கிறது என்பதுதான்.

ஆகவே நான் பி.எஸ்ஸி.யை விடப்போவதில்லை. பேராசிரியர்கள் அஞ்ச வேண்டாம்! உண்மையில், இயற்பியல் ஆய்வகத்தில் குவிலென்சை நகர்த்தி, சன்னல் வெளிச்சம் திரையில் தலைகீழாக விழுவதைப் பார்த்த அன்று, இந்தப் படிப்பும் சினிமாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டேன். தந்தையாரின் பட்டறையிலும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றுவார். அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணல், அதன்மேல் ஈரக் கலவை. பூ கீழே இருக்கும். மேலே பார்க்கிறவனுக்குச் சாம்பல் நிறச் சாந்து மட்டும் தெரியும். தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ முகம் காட்டும். "சரியா வந்திருக்கானு எப்பப்பா தெரியும்?" என்று சின்ன வயதில் கேட்டேன். "எடுக்குறப்பதான்" என்றார்.

எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மாதத்துக்கு ஒரு மாலை, ஒரு வகுப்பறை, ஒரு வெள்ளைச் சுவர், நம்மிடம் இருக்கும் ஒரு புரொஜக்டர், இவை போதும். 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்', 'பதேர் பாஞ்சாலி', 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்று ஒவ்வொன்றாகப் போடுவோம். இந்த மாத வசூல் படத்தையும் போடுவோம். பார்த்த பிறகு அரைமணி நேரம் சண்டை போடுவோம். தமிழ்த்துறை ஐயாவும் வரட்டும், விலங்கியல் அம்மாவும் வரட்டும். எனக்குப் பிடித்த நாயகனை ஒருவர் கிழித்தெறிந்தால் நான் எம்.ஜி.ஆரைப்போல் சிரிக்க முயல்கிறேன். தனியே கைப்பேசியில் பார்க்கிறவனுக்குக் கண்ணீர் கிடைக்கும், எதிர்வாதம் கிடைக்காது. 1958இல் அந்த மாணவருக்குக் கிடைத்தது ஒரு மேடையும், கேட்க மனமுள்ள ஒருவரும்தான். தரமணியில் அரசே நடத்தும் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பட்டம் வாங்கியபின் அங்கே விண்ணப்பிக்க எனக்கு எண்ணம் உண்டு. அதற்கு முன்னால் வாதாடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் நண்பனின் கைப்பேசியை இரவல் வாங்கி ஒரு சிறு படம் தொடங்கினேன். வசனம் கிடையாது. விடியற்காலையில் ஒரு பெரிய வீட்டின் வளவு. முற்றத்தின் வழியே வெளிச்சம் நேராக இறங்குகிறது. ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை போகிறாள். மூன்று நிமிடம். வீட்டுக்காரரிடம் அனுமதியும் கேட்டு வாங்கிவிட்டேன். கைப்பேசியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, "ஆரம்பிங்கம்மா" என்றேன்.

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். "நான் ஒதுங்கிக்கிறேன் தம்பி, நீ எடு" என்றார்.

நாலு காலை முயன்றுவிட்டேன். இன்னும் ஒதுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.